பல்லாவரத்துக் கல்லுக்கு வயது தெரிகிறது, பிறந்த வீடு எப்படித் தெரியும்?

பல்லாவரத்தான் | ஞாயிறு, காலை 8.10

எல்லாருக்கும் வணக்கம். வேதியியலோடு என் உறவு பிளஸ் டூவில் முடிந்துவிட்டது. கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து மலைக்கல் சார்னோகைட். உடைத்த முகத்தைப் பார்த்தால் எண்ணெய் தடவிய மாதிரி கரும்பச்சையாக மினுமினுக்கும். தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் வைத்த பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் இருக்கும் கல் எங்கள் பக்கத்துக் கல் வகைதான் என்று கண்டு, அவர் பெயரையே வைத்துவிட்டார். இது வரை படித்துவிட்டேன். வயது சுமார் 250 கோடி ஆண்டு என்று எங்கே பார்த்தாலும் போட்டிருக்கிறது.

குழப்பம் இதற்குப் பிறகுதான். இந்த மாதிரிப் பழைய பாறைகள் பூமியின் கவசத்திலிருந்து (மேலோட்டுக்கு அடியில் இருக்கும் தடித்த பாறை அடுக்கு) நேராக வந்தவையா, ஏற்கனவே இருந்த மேலோடு மறுபடி உருகி வந்தவையா என்பதை ஐசோடோப்பை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) வைத்துச் சொல்கிறார்களாம். ஐசோடோப்பு என்றால் வயது பார்க்கத்தானே? உருகி, ஆறி, இறுகிப் போன கல்லில் "நான் இன்ன இடத்திலிருந்து வந்தேன்" என்று யார் எழுதி வைத்தார்கள்?

மாடித்தோட்டம் | ஞாயிறு, காலை 8.52

இது கார்பன் டேட்டிங்தானே? கீழடியில் கரித்துண்டை அனுப்பிப் பார்த்தார்களே, அதே முறையா?

கல்லுளிமங்கன் | ஞாயிறு, காலை 11.30

அக்கா, அது இங்கே உதவாது. கார்பன்-14இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்து தீர ஆகும் காலம், 5,730 ஆண்டு. ஐம்பதாயிரம் ஆண்டு தாண்டினால் அளக்க மிச்சம் ஒன்றும் இருக்காது. கோடிக்கணக்கில் போகும் கல்லுக்கு, கோடிக்கணக்கில் அரை ஆயுள் உள்ள ஆள் வேண்டும். ருபிடியம்-87 மெதுவாக ஸ்ட்ரான்ஷியம்-87ஆக மாறும். அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 4,900 கோடி ஆண்டு. பூமியின் வயதே சுமார் 454 கோடிதான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பல்லாவரத்தாருக்கு. வயது ஒரு கேள்வி, பிறந்த வீடு இன்னொரு கேள்வி. ஒரே அளவீட்டில் இரண்டுக்கும் விடை கிடைப்பதால்தான் இந்தக் குழப்பம். கையால் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

ஒரே பாறைக்குழம்பிலிருந்து இரண்டு கல் உறைகின்றன என்று வையுங்கள். முதல் கல்லில் ருபிடியம் கம்மி. ருபிடியம்-87ஐ ஸ்ட்ரான்ஷியம்-86ஆல் வகுத்தால் இன்றைக்கு 0.5 வருகிறது. இரண்டாவதில் மைக்கா நிறைய, ருபிடியமும் நிறைய, விகிதம் 3. (ஸ்ட்ரான்ஷியம்-86 சிதைவால் கூடுவதுமில்லை, தானாகக் குறைவதுமில்லை. அதனால்தான் அதை அளவுகோலாக வைத்துக்கொள்கிறோம்.) 250 கோடி ஆண்டில், இன்று மீந்திருக்கும் ஒவ்வொரு ருபிடியம்-87க்கும் 0.0354 பங்கு ஸ்ட்ரான்ஷியம்-87 புதிதாகச் சேர்ந்திருக்கும். முதல் கல்லில் சேர்ந்தது 0.0177, இரண்டாவதில் 0.1062.

கல் பிறந்த அன்று இரண்டிலும் ஸ்ட்ரான்ஷியம் 87க்கும் 86க்கும் உள்ள விகிதம் 0.702 என்றால், இன்று கருவியில் 0.7197 என்றும் 0.8082 என்றும் வரும். நம் கையில் இருப்பது இந்த இன்றைய எண்கள் மட்டும்தான். இரண்டு புள்ளியையும் வரைபடத்தில் குறித்துக் கோடு போடுங்கள். கோட்டின் சாய்வு 0.0354, அதிலிருந்து வயது கிடைக்கும். அதே கோட்டை இடப்பக்கம் நீட்டி, ருபிடியம் சுழியாக இருக்கும் இடத்தில் எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். 0.702. அதுதான் நீங்கள் கேட்ட எழுத்து.

250 கோடி ஆண்டுக்கு முன் கவசத்தில் அந்த விகிதம் 0.701, 0.702 பக்கம்தான் இருந்தது. பூமி உருவானபோது 0.699. இன்றைய நடுக்கடல் மலைத்தொடர் பசால்ட்டில் 0.703ஐ ஒட்டி. அவ்வளவு மெதுவாகத்தான் கவசத்தில் ஏறுகிறது, ஏனென்றால் அங்கே ருபிடியம் சொற்பம். கவசம் கொஞ்சம் உருகும்போது ருபிடியம் ஓடி வந்து குழம்பில் ஏறிக்கொள்ளும், ஸ்ட்ரான்ஷியம் அந்த அளவுக்கு ஓடாது. குழம்பு மேலே வந்து மேலோடு ஆகிறது. அதனால் மேலோட்டில் ருபிடியத்தின் பங்கு அதிகம், விகிதம் வேகமாக ஏறும். நூறு கோடி ஆண்டு சும்மா கிடந்த மேலோடு உருகி அந்தக் கல் வந்திருந்தால் வெட்டும் புள்ளி 0.702 ஆக இருக்காது, 0.71ஐயே தாண்டியிருக்கும்.

பல்லாவரத்தான் | ஞாயிறு, பகல் 12.15

பேனாவும் பேப்பரும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன் சார், வருகிறது! மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் ஒரு சந்தேகம். குழம்பு ஆறும்போது ஒவ்வொரு கனிமமாகப் பிரிந்து உறையும் என்கிறார்களே, அப்போது இந்த விகிதம் கலைந்துவிடாதா?

கல்லுளிமங்கன் | ஞாயிறு, பகல் 12.40

கலையாது. இதில் இருக்கிற சூட்சுமமே அதுதான். ஸ்ட்ரான்ஷியம்-86ம் 87ம் வேதியியலில் ஒரே ஆள். கால்சியம் உள்ள ஃபெல்ட்ஸ்பார் உறையும்போது இரண்டும் ஒரே விகிதத்தில் உள்ளே போகும். மிச்சக் குழம்பில் ஸ்ட்ரான்ஷியத்தின் அளவு குறையும், சிலிக்கா கூடும், நிறம் மாறும், விகிதம் மட்டும் அப்படியே நிற்கும். பாயசத்தில் முந்திரியை எல்லாம் பொறுக்கித் தின்றுவிட்டாலும் பால் எந்த மாட்டுப் பால் என்பது மாறாது, அந்த மாதிரி.

சந்தேகசாமி | ஞாயிறு, மாலை 4.05

பாயசம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்லுளிமங்கன் ஒரு விஷயத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விட்டார். பல்லாவரத்துக் கல் வெறும் தீப்பாறையா, அதாவது குழம்பு ஆறி உறைந்த கல்தானா? ஹாலண்ட் தீப்பாறை என்றார். பின்னால் வந்தவர்கள் பலர், அது ஆழத்தில் கடுஞ்சூட்டில் உருமாறிய பாறை என்றார்கள். அந்த வாதமே நூறு வருஷம் ஓடியது. அப்படி 800 டிகிரி பக்கம் சூடேறி நீர்ச்சத்து வெளியேறும்போது முதலில் ஓடிப்போவது யார்? ருபிடியம். யுரேனியமும் கூடவே.

அப்படியானால் நீங்கள் போட்ட கோடு என்ன ஆகும்? நடுவில் ருபிடியத்தைத் தொலைத்துவிட்ட கல், அன்றிலிருந்து மெதுவாக ஏறும். இன்றைக்கு அளந்தால் விகிதம் தாழ்வாக இருக்கும். "ஆகா, கவசத்திலிருந்து வந்த சரக்கு" என்று சான்றிதழ் கொடுத்துவிடுவீர்கள். திருடுபோன வீட்டைப் பார்த்து ஏழை வீடு என்று சொன்ன கதை.

கல்லுளிமங்கன் | ஞாயிறு, இரவு 7.20

சாமி சொல்வது சரி. நான் வேண்டுமென்றே எளிமையாகச் சொன்னேன், ஆனால் சார்னோகைட்டை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னது தப்புதான்.

அதனால்தான் சார்னோகைட் மாதிரிக் கற்களில் ஸ்ட்ரான்ஷியத்தை மட்டும் நம்ப மாட்டார்கள். சமாரியம்-147, நியோடிமியம்-143ஆக மாறும் ஜோடியைப் பார்ப்பார்கள். அரை ஆயுள் 10,600 கோடி ஆண்டு. தாய் மகள் இரண்டுமே அருமண் தனிமங்கள், குணம் கிட்டத்தட்ட ஒன்று. சூட்டிலோ நீரிலோ ஒன்றை மட்டும் பிரித்து விரட்டுவது லேசில்லை. இங்கே கணக்கு தலைகீழ். உருகும்போது நியோடிமியம்தான் சமாரியத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குழம்பில் ஏறும். அதனால் மேலோட்டில் சமாரியத்தின் பங்கு கம்மி, அங்கே நியோடிமியம் விகிதம் (143க்கும் 144க்கும் உள்ளது) சோம்பலாக ஏறும். கவசத்தில் வேகமாக ஏறும். பழைய மேலோட்டுச் சரக்கு என்றால் ஸ்ட்ரான்ஷியம் உயரம், நியோடிமியம் தாழ்வு. கவசச் சரக்கு என்றால் நேர் எதிர்.

இதை வைத்து இன்னொன்றும் செய்யலாம். இன்றைய விகிதத்திலிருந்து பின்னோக்கிக் கோடு போட்டு, அது கவசத்தின் வளர்ச்சிக் கோட்டை எப்போது தொடுகிறது என்று பார்க்கலாம். கல் உறைந்த நாளை அது சொல்லாது. கல்லின் சரக்கு முதன்முதலில் கவசத்தைவிட்டுப் பிரிந்த காலத்தைத்தான் தோராயமாகச் சொல்லும். "மாதிரி வயது" (model age) என்பார்கள். வடதமிழகத்துச் சார்னோகைட்டுகள் பலவற்றில் இந்தக் காலம், கல்லின் வயதிலிருந்து வெகுதூரம் பின்னால் போவதில்லை. அதாவது அன்றைக்குப் புதுச்சரக்கு. கேரளத்தின் தெற்கே போனால் கதையே வேறு. சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன் உருமாறிய பாறைகள், ஆனால் சரக்கு 200 கோடிக்கும் மேல் பழசு.

குமரிக்கரை | ஞாயிறு, இரவு 9.48

சிர்கான் என்ற கனிமத்தைப் பற்றி யாரும் பேசவே இல்லையே. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணலை அள்ளினால் அதில் இருக்கும், எங்களுக்கெல்லாம் அறிமுகமான சரக்கு. யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைச் சேர்க்காது. ஆகவே பின்னால் உள்ளே இருக்கிற ஈயம் எல்லாம் யுரேனியம் சிதைந்து வந்ததுதான். 900 டிகிரிக்கு மேலும் கடிகாரம் நிற்காமல் ஓடும்.

வயதுக்குத்தான் பெயர் பெற்றது, ஆனால் பிறந்த வீட்டையும் சொல்லும். ஹாஃப்னியம் அதில் ஒரு சதவீதம் அளவுக்கு இருக்கும், அதன் தாய் லுட்டீசியமோ சொற்பம். பிறந்த அன்றைய ஹாஃப்னியம் விகிதம் ஊறுகாய் போட்ட மாதிரி அப்படியே கிடக்கும். ஆக்சிஜனும் பேசும். கவசத்திலிருந்து நேராக வந்த குழம்பில் விளைந்த சிர்கானில் ஆக்சிஜன்-18 அளவு 5.3 பக்கம் நிற்கும் (ஒரு நிலையான அளவுகோலோடு ஒப்பிட்டு, ஆயிரத்துக்கு இத்தனை கூடுதல் அல்லது குறைவு என்ற கணக்கு). அதைவிடத் தெளிவாக ஏறினால், தரைமேல் நீர்பட்டு மக்கிய மண்ணோ களியோ குழம்பில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் 440 கோடி ஆண்டுப் பழைய சிர்கான் கிடைத்ததாக 2001இல் வெளியிட்டபோது, எல்லாரையும் வாயைப் பிளக்க வைத்தது வயது மட்டுமில்லை. அதன் ஆக்சிஜன் ஏறியிருந்தது. அந்தக் காலத்திலேயே தண்ணீர் இருந்திருக்க வேண்டும் என்ற வாதம் அங்கிருந்துதான் கிளம்பியது.

வன்னிக்காற்று | திங்கள், காலை 6.30

நல்ல இழை. நாங்கள் பள்ளியில் சமதானி என்றுதான் படித்தோம், ஐசோடோப்பு என்று வாசிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

கல்லுளிமங்கன் சொன்ன அந்த "மாதிரி வயதை" வைத்து இலங்கையின் வரைபடத்தையே திருத்தி எழுதினார்கள் என்பதைச் சேர்த்துவிடுகிறேன். கண்டி, நுவரெலியாப் பக்கத்து மலைநாட்டுப் பாறையையும், கிழக்கில் விஜயன் என்று சொல்கிற பாறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாதாரண ஆளுக்கு வித்தியாசம் பிடிபடாது. இரண்டும் வரிவரியான கல், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில், 55 முதல் 60 கோடி ஆண்டுக்கு முன், உருமாறியவை. எல்லைக் கோடு எங்கே என்று அடிபிடி. 1980களின் கடைசியில் தீவு முழுக்கக் கல் எடுத்து நியோடிமியம் அளந்தார்கள். மலைநாட்டுக் கற்களின் மாதிரி வயது 200 கோடிக்கு மேலே, 300ஐ எட்டும் வரை. கிழக்கே விஜயனிலும் மேற்கே வன்னியிலும் 100 முதல் 200 கோடிக்குள். வெளியில் ஒரே முகம், ஆனால் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.

எங்கட யாழ்ப்பாணத்தில் தோண்டினால் சுண்ணாம்புக்கல்தான். நாங்கள் இந்தச் சண்டையிலேயே இல்லை.

சந்தேகசாமி | திங்கள், காலை 9.15

மாதிரி வயதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். 300 கோடி ஆண்டுச் சரக்கும் 100 கோடி ஆண்டுச் சரக்கும் பாதிக்குப் பாதி கலந்தால் 200 கோடி என்று ஒரு எண் வரும். அந்த 200 கோடியில் எதுவுமே நடந்திருக்காது. கலப்புதான் இந்த முறையின் பெரிய வியாதி. தூய கல் ஒன்றைக் காட்டுங்கள், அப்புறம் நம்புகிறேன்.

ஜோலார்பேட்டை ஜங்ஷன் | திங்கள், மதியம் 1.40

சாமிக்கு எங்கள் ஊர்க் கல்லைக் காட்டலாமா? திருப்பத்தூர் பக்கம் செவ்வாத்தூர். அங்கே கார்பனடைட் இருக்கிறது என்று கல்லூரிப் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து சுத்தியலால் தட்டிக்கொண்டிருப்பார்கள். எங்கள் அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் டாமின் (தமிழ்நாடு கனிம நிறுவனம்) சுரங்கத்து வெர்மிகுலைட்தான்.

மாடித்தோட்டம் | திங்கள், மதியம் 1.55

வெர்மிகுலைட்டா! தொட்டி மண்ணில் நான் கலப்பது அதுதானே? பொன்னிறமாக, பிய்த்தால் ஏடு ஏடாக வருமே. அது உங்கள் ஊர்ச் சரக்கா?

ஜோலார்பேட்டை ஜங்ஷன் | திங்கள், மதியம் 2.10

இருக்கலாம் அக்கா. வெட்டி எடுக்கும்போது சாதாரண மைக்கா மாதிரி தட்டையாக இருக்கும். சூடு காட்டினால் புழு மாதிரி நீண்டு, பொரி மாதிரி உப்பிவிடும். நீங்கள் வாங்குவது உப்ப வைத்தது.

கல்லுளிமங்கன் | திங்கள், இரவு 8.00

ஜங்ஷன் தம்பி சரியான நேரத்தில் சரியான கல்லைக் கொண்டுவந்தார். நானும் அங்கேதான் வரலாம் என்றிருந்தேன்.

கார்பனடைட் என்றால் பாதிக்கு மேல் கார்பனேட் கனிமம் உள்ள தீப்பாறை. பார்த்தால் சலவைக்கல் மாதிரி இருக்கும். அதனால்தான் வெகுகாலம் பலர் நம்பவில்லை, "சுண்ணாம்புக்கல் எப்படியோ உள்ளே மாட்டிக்கொண்டது" என்றார்கள். 1960இல் தான்சானியாவின் ஓல் டோய்ன்யோ லெங்காய் எரிமலை கார்பனேட் குழம்பையே கக்கிக் காட்டியபிறகுதான் வாய் அடைத்தது. 500 டிகிரி சொச்சம்தான் சூடு, கருப்பாகத் தண்ணீர் போல ஓடும், ஆறி ஈரம்பட்டதும் வெள்ளையாகிவிடும்.

தமிழ்நாட்டில் இரண்டு இடத்துக் கார்பனடைட்டை ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அளந்து, 1998இல் வெளியிட்டார்கள். ஒன்று ஒகேனக்கல், வயது சுமார் 240 கோடி. இன்னொன்று செவ்வாத்தூர், சுமார் 77 கோடி. இரண்டுக்கும் இடையே தூரம் நூறு கிலோமீட்டருக்குள். காலம் மட்டும் 160 கோடி ஆண்டுக்கு மேல் தள்ளி.

செவ்வாத்தூர்க் கல் பிறந்த அன்றைய ஸ்ட்ரான்ஷியம் விகிதம் 0.705ஐ ஒட்டி வருகிறது. சாதாரணக் கவசமாக இருந்தால் அந்தக் காலத்தில் 0.703 பக்கம் இருக்க வேண்டும். நியோடிமியமும் அதே பக்கம் சாய்கிறது, தாழ்வாக. மேலே நான் சொன்ன விதிப்படி இது மேலோட்டுச் சரக்கின் ஜாடை. ஆனால் கார்பனடைட் மேலோடு உருகி வருகிற கல் இல்லை. அவர்கள் வந்து சேர்ந்த முடிவு: கவசத்திலேயே ஒரு பகுதி ருபிடியம், எடை குறைந்த அருமண் தனிமங்கள் எல்லாம் ஏறிச் செறிந்துபோய், 240 கோடி ஆண்டுக்கு முன்பிருந்தே அங்கே இருந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு தடவை ஒகேனக்கல் கல் கிளம்பியது, வெகுகாலம் கழித்து இன்னொரு தடவை செவ்வாத்தூர்க் கல் கிளம்பியது.

சந்தேகசாமி | திங்கள், இரவு 8.35

ஓய், நான் சும்மா விடுவேனா. வரும் வழியில் 0.72 உள்ள பழைய கிரானைட்டைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தாலும் 0.705 வருமே. எதற்குக் கவசத்தில் "செறிந்த பகுதி" என்று ஒரு மாயமண்டலம்?

பழைய லேப் கோட் | திங்கள், இரவு 10.50

பல நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுவே முதல் தடவை. சாமியின் கேள்விக்கு என் சொந்த அவமானத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் ஆய்வகம் ஒன்றில் கல் நொறுக்குவதிலிருந்து கருவியில் ஏற்றுவது வரை எல்லா வேலையும் எனக்கு. கல்லைத் தாடை நொறுக்கியில் போட்டு உடைத்து, அகேட் உரலில் மாவாக்கி, டெஃப்லான் குப்பியில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் ஊற்றி நாள்கணக்கில் சூடுதட்டில் வைக்க வேண்டும். அப்புறம் பிசின் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்கி ஸ்ட்ரான்ஷியத்தைத் தனியாகப் பிடிக்க வேண்டும். ருபிடியம் துளி கூட வரக்கூடாது, ஏனென்றால் ருபிடியம்-87ம் ஸ்ட்ரான்ஷியம்-87ம் கருவிக்கு ஒரே எடை. நிறை 85இல் ஏதாவது துடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம், அங்கே துடித்தால் ருபிடியம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு தடவை ஒரே இடத்திலிருந்து வந்த கார்பனடைட் எட்டு, பைராக்சினைட் என்ற கருநிறத் தீப்பாறை ஆறு. கார்பனடைட் எட்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டி வந்தன, அழகு. பைராக்சினைட்டில் மூன்று மட்டும் விகிதம் எகிறி நின்றது. 85இல் ஒன்றும் இல்லை. விகிதம் முன்பே தெரிந்த தரக்கட்டுப்பாட்டுக் கரைசல் 0.71025 என்று கிளி மாதிரிச் சொல்கிறது. மறுபடி கரைத்தேன், மறுபடி பிரித்தேன், அதே எண். "மேலோடு கலந்த புதுவகைக் குழம்பு" என்று ஒரு கட்டுரைக்கே தலைப்பு யோசித்துவிட்டோம். நான்கு மாதம் போனது.

கடைசியில் நொறுக்கியின் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. எனக்கு முந்தைய நாள் வேறொருவர் இளஞ்சிவப்புக் கிரானைட் ஒரு மூட்டை உடைத்திருக்கிறார். தாடைகளின் இடுக்கில் விரலை விட்டுத் தடவினால் இளஞ்சிவப்புத் தூள். நான் முதலில் போட்டது அந்த மூன்று பைராக்சினைட். அதற்கு அடுத்துப் போட்டது நான்கு கார்பனடைட். அவற்றிலும் அந்தத் தூள் கொஞ்சமாவது ஏறித்தான் இருக்கும், ஆனால் எண் அசையவில்லை!

ஏன் அசையவில்லை? அந்தப் பைராக்சினைட்டில் ஸ்ட்ரான்ஷியம் ஐம்பது அறுபது பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). கார்பனடைட்டில் ஆயிரக்கணக்கில். வெறும் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் நாக்கு கண்டுபிடிக்கும். ஊறுகாய் ஜாடியில் போட்டால் யாருக்குத் தெரியும்?

கல்லுளிமங்கன் | செவ்வாய், காலை 7.05

பழைய லேப் கோட் ஐயா, இதைத்தான் நான் வறட்டுச் சூத்திரமாக எழுத உட்கார்ந்தேன். இப்போது கணக்கை மட்டும் போடுகிறேன்.

எண்கள் கணக்குக்காக வைத்துக்கொள்பவை. கார்பனடைட் குழம்பில் ஸ்ட்ரான்ஷியம் 5,000 பிபிஎம், விகிதம் 0.703. வழியில் இருக்கும் மேலோட்டில் 300 பிபிஎம், விகிதம் 0.720. பத்தில் ஒரு பங்கு மேலோட்டைக் குழம்பு கரைத்துக்கொண்டாலும், மொத்த ஸ்ட்ரான்ஷியத்தில் மேலோட்டின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. விகிதம் 0.7031 ஆகும், அவ்வளவே. சாமி கேட்கிற 0.705க்கு ஏற வேண்டுமானால் கலவையில் ஏறக்குறைய 70 சதவீதம் மேலோடு இருக்க வேண்டும். அவ்வளவு கிரானைட்டைக் கரைத்துக்கொண்ட குழம்பை யாரும் கார்பனடைட் என்று கூப்பிட மாட்டார்கள். நியோடிமியத்துக்கும் இதே நியாயம்தான், கார்பனடைட்டில் அதுவும் மேலோட்டைவிடப் பலமடங்கு.

ஆகவே 0.705 வழியில் ஒட்டிய அழுக்காக இருக்க முடியாது, கிளம்பிய இடத்தின் அடையாளம்.

சந்தேகசாமி | செவ்வாய், காலை 9.40

70 சதவீதமா. சரி, நொறுக்கிக் கதையோடு சேர்த்துப் பார்த்தால் இந்த இடத்தில் நான் பேச ஒன்றுமில்லை. ஆனால் இன்னொன்று பாக்கி. கவசம் கொதிக்கிற உலை மாதிரிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்கிறீர்கள். 160 கோடி ஆண்டு ஒரு பகுதி மட்டும் கலக்காமல் ஒரே இடத்தில் எப்படி உட்கார்ந்திருக்கும்? அதற்குள் இந்தியாவே பூமியில் எங்கெங்கோ நகர்ந்துவிட்டதே?

கல்லுளிமங்கன் | செவ்வாய், பகல் 12.20

இந்தக் கேள்வியிலேயே விடை இருக்கிறது. கண்டம் நகர்ந்தது, ஆனால் மூலம் கூடவே வந்திருக்கிறது. அப்படியானால் அது சுழலும் கவசத்தில் இருக்க முடியாது. கண்டத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு அதோடு சேர்ந்தே பயணம் செய்யும் குளிர்ந்த, கெட்டியான கவசப் பகுதி ஒன்று உண்டு. படகின் அடிக்கட்டை மாதிரி. கர்நாடகத்துத் தார்வார் போன்ற பழைய நிலப்பகுதிகளுக்கு அடியில் அது நூறு, இருநூறு கிலோமீட்டர் ஆழம் வரை போகும். ஏதோ ஒரு காலத்தில் ஆழத்திலிருந்து ஏறிய திரவங்களோ சிறு குழம்புகளோ அதில் ஊறி, மைக்காவும் அபடைட் என்ற பாஸ்பேட் கனிமமும் விளையவைத்துப் போயிருக்கின்றன. ருபிடியம் சேர்ந்தது அப்படி. சூடேறிய இரண்டு தருணங்களில் அது கொஞ்சம் உருகியிருக்கிறது.

ஸ்ட்ரான்ஷியம் எண்ணும் இதோடு ஒத்துப்போகிறது. ஒகேனக்கல் பக்கம் 0.702 சுற்றி, செவ்வாத்தூர் பக்கம் 0.705 சுற்றி. அந்த ஏற்றத்துக்கு மூலத்தில் ருபிடியத்துக்கும் ஸ்ட்ரான்ஷியத்துக்கும் உள்ள விகிதம் (எல்லா ஐசோடோப்பும் சேர்ந்த எடைக் கணக்கில்) 0.05 பக்கம் இருந்தால் போதும். பூமியின் சராசரி 0.03. ரொம்பப் பேராசையான எண் இல்லை. இரண்டே இடத்தை வைத்துப் போட்ட கோடு என்பதை மறந்துவிட வேண்டாம், எனக்கே அது கொஞ்சம் உறுத்தும்.

வன்னிக்காற்று | செவ்வாய், மாலை 5.00

இலங்கையிலும் இதே சண்டை நடந்தது. அனுராதபுரத்துக்குத் தெற்கே எப்பாவல, 1971இல் கண்டுபிடித்த அபடைட் படிவு. உரமாகும் பொசுபேற்று. அதற்கு அடியில் இருக்கிற கார்பனேட் பாறை உருமாறிய சலவைக்கல்லா, கார்பனடைட்டா என்று வெகுகாலம் இழுபறி. சமதானி அளவுகளும் சேர்ந்துதான் கார்பனடைட் பக்கம் தராசைச் சாய்த்தன.

பல்லாவரத்தான் | சனி, மாலை 6.25

ஒரு சேதி. இன்று வேலூர் வரை போகும் வேலை இருந்தது, அப்படியே ஜங்ஷன் தம்பியிடம் வழி கேட்டுச் செவ்வாத்தூர் போய்வந்தேன். சுரங்கத்துக்குள் போகவில்லை, ரோட்டோரக் குவியலில் உள்ளங்கை அளவு ஒரு வெளிர்க்கல் எடுத்தேன். வெளியே துரு நிறம், உள்ளே பழுப்பு வெள்ளை, நடுவில் தேன் நிறத்தில் மைக்கா ஏடுகள். வீட்டுக்கு வந்து வினிகர் ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை! ஏமாந்துவிட்டேனா?

பழைய லேப் கோட் | சனி, மாலை 6.50

அவசரப்படாதீர்கள். அங்கே டோலமைட் (மக்னீசியம் கலந்த கார்பனேட்) வகையும் உண்டு, அது வினிகருக்கு லேசில் மசியாது. கத்தி முனையால் சுரண்டி மாவாக்கி, அதன்மேல் ஒரு சொட்டு விடுங்கள். கொஞ்சம் சூடாக்கிய வினிகர் என்றால் இன்னும் நல்லது.

பல்லாவரத்தான் | சனி, இரவு 7.30

பொங்குகிறது! மெதுவாக, சோடாவில் கடைசியில் வரும் குமிழி மாதிரி. ஆனால் இது எங்கிருந்தோ லாரியில் வந்து விழுந்த சுண்ணாம்புக்கல் இல்லை என்று எப்படிச் சொல்வது?

குமரிக்கரை | சனி, இரவு 8.15

வினிகர் சொல்லாது. கார்பன்-13ம் ஆக்சிஜன்-18ம் பார்த்தால் தெரியும். முன்பு சொன்ன அதே ஆயிரத்துக்கு இத்தனை கணக்கில், கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்லில் கார்பன்-13 அளவு சுழியை ஒட்டி இருக்கும், ஆக்சிஜன் இருபதைத் தாண்டும். கவசத்திலிருந்து வந்த கார்பனேட் என்றால் கார்பன் மைனஸ் ஐந்து பக்கம், ஆக்சிஜன் ஆறிலிருந்து பத்துக்குள். இரண்டும் கிட்டவே வராது. தேன் நிற மைக்கா இருக்கிறது என்கிறீர்கள், சுண்ணாம்புக்கல்லில் அது வருவது அபூர்வம். எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

பழைய லேப் கோட் | சனி, இரவு 8.40

கல்லைக் கழுவாமல் அப்படியே ஒரு துணிப்பையில் போட்டு, எந்த இடம், எந்தப் பக்கத்துக் குவியல், என்ன தேதி என்று சீட்டு எழுதி உள்ளே வையுங்கள். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இப்போது இந்த மாதிரிக் கல்தான் பார்க்கிறான், கேட்டுச் சொல்கிறேன். நொறுக்கியை மட்டும் நானே போய்க் கழுவிவிட்டு வருகிறேன்.